படத்தின் இடது ஓரம்

வடபழனி, சென்னை
11.2.1979

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி நல்லையா எழுதிக்கொள்வது. ஹல்துமுல்லையில் இந்த மாதம் பனி கடுமையாக இருக்குமே, உங்கள் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? பிள்ளை பூங்காவனம் சுகமாக இருக்கிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இங்கே ஒரு புது வேலை வந்திருக்கிறது. எங்கள் கம்பெனியின் பழைய படம் 'அங்காரக வீரன்' மறுபடியும் தியேட்டருக்கு வரப்போகிறது. 1965-ல் நம் தோட்டத்துக்கு மேலே, புல் எரிந்து கிடந்த மலையில் வந்து எடுத்தார்களே, செவ்வாய்க்குப் போகும் அந்த ராக்கெட் படம்தான். வெளிநாட்டு விண்வெளிப் படங்களுக்கு இப்போது இங்கே நல்ல கூட்டம். அதைப் பார்த்து எங்கள் முதலாளிக்கும் ஆசை வந்துவிட்டது. பெரிய முதலாளி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இவர் அவருடைய மகன். தீபாவளிக்கு வெளியிட வேண்டும் என்கிறார். ஆனால் தந்திரக் காட்சிகள் இருக்கும் நெகட்டிவ் மட்டும் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுவிட்டது. அந்தப் பதினொரு காட்சிகளையும் திரும்ப உருவாக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் விடவில்லை.

தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிக் கேட்ட பாஸ்போர்ட் வந்துவிட்டதா? வந்ததும் தாமதிக்காமல் இருவரும் புறப்பட்டு வாருங்கள். இந்த வீட்டில் நான் ஒருவன்தான். இடத்துக்குக் குறைவில்லை.

உங்கள் தம்பி,
நல்லையா


ஹல்துமுல்லை
இலங்கை
4.3.1979

அன்புத் தம்பிக்கு,

அக்கா கருப்பம்மா எழுதுவது. உன் கடிதத்தைப் பார்த்ததில் சந்தோஷம். மூச்சிரைப்பு வருகிறது, போகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. முப்பத்து மூன்று வயதாகிறது, ஒரு பெண்ணைப் பார்க்கட்டுமா என்று கேட்டால் அதற்கு மட்டும் உன்னிடமிருந்து பதிலே வருவதில்லை.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. செப்டம்பர் முப்பதுக்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்று அதில் அடித்திருக்கிறார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போதே கங்காணி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "கருப்பம்மா, ஒன் காம்பிராவ வேற குடும்பத்துக்கு எழுதியாச்சு." லயத்தில் எங்களுக்கு இருக்கும் அந்த ஒரே அறையும் போகிறது.

நான் எப்படி வருவேன், தம்பி? உன் மச்சான் திரும்பி வந்து இந்தக் கதவைத் தட்டினால் யார் திறப்பது? பதினாலு வருஷமாகக் கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. செத்திருப்பான், இல்லாவிட்டால் வேறு குடும்பம் இருக்கும் என்று லயத்தில் எல்லோரும் பேசுகிறார்கள். பூங்காவனம்கூட இப்போது அப்படித்தான் பேசுகிறாள். அவரைக் கடைசியாகப் பார்த்தவன் நீ. பதுளை பஸ்ஸில் ஏறினார், வந்துவிடுவேன் என்று சொன்னார் என்றாய். அந்த ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்களிடம் அவர் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அந்த மலையில் அவரும் பத்து நாள் கூலிக்கு நின்றாரே. படத்தில் எங்காவது அவர் முகம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல். பார்க்கும்போது அவசரப்படாதே.

உன் அக்கா,
கருப்பம்மா


சென்னை
25.3.1979

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் பூங்காவனமும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். எனக்குக் கண்தான் கொஞ்சம் எரிகிறது. வேலை அப்படி.

அந்தக் காலத்தில் ஒரு தந்திரக் காட்சியைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். மலையைத் தனியாக எடுத்தார்கள். கறுப்புத் துணிக்கு முன்னால் இரண்டடி ராக்கெட்டைத் தொங்கவிட்டு அதைத் தனியாக எடுத்தார்கள். நட்சத்திரங்கள் ஒரு சுருளில். செவ்வாய்க் கிரகத்துப் பாறைகளைக் கண்ணாடியில் வரைந்து, அதைப் படம் பிடித்து வைத்தார்கள். இந்தத் துண்டுகள் டப்பாவில் இருப்பதால்தான் இந்த வேலையே நடக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே ஃபிலிமில் மறுபடி பதிய வேண்டும். ஒரு நொடிக்கு இருபத்து நாலு கட்டம், ஒவ்வொரு கட்டமாக. பழைய ஃபிலிம் சுருங்கியிருக்கிறது. ராக்கெட் சரியாக நின்றால் தரை நடுங்குகிறது. தரையைப் பிடித்து நிறுத்தினால் நட்சத்திரம் நகர்ந்துவிடுகிறது. ஆறு காட்சி முடித்துவிட்டேன். மலைக் காட்சியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அந்த டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

மச்சான் முகம் கிடைக்காது அக்கா. தோட்டத்து ஆட்கள் எல்லோரும் செவ்வாய்க் கிரகத்து ஆட்களாக முகமூடி போட்டுத்தான் நின்றார்கள். அதைத் தேட வேண்டாம். மச்சான் எங்கே இருந்தாலும் நீங்கள் இருக்கும் இடம் விசாரித்துக்கொண்டு வருவார். தைரியமாகக் கப்பல் ஏறுங்கள்.

உங்கள் தம்பி,
நல்லையா


ஹல்துமுல்லை
22.4.1979

அன்புத் தம்பிக்கு,

கண்ணைப் பார்த்துக்கொள். நந்தியாவட்டைப் பூ கிடைத்தால் கண்ணில் வைத்துக்கொண்டு படு.

பசறையில் மரம் அறுக்கும் ஆலையில் உன் மச்சான் சாயலில் ஒருவர் இருப்பதாக, இங்கே பஜாரில் கடை வைத்திருக்கும் மர்ஸூக் நானா சொன்னார். பஸ் மாறி மாறி, வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போனேன். ஆலை வாசலில் அவரைக் கூப்பிட்டு விட்டார்கள். தூரத்தில் வரும்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பக்கத்தில் வரும் வரைக்கும் நின்றேன். "நான் அவரு இல்லீங்கம்மா, மன்னிச்சுக்குங்க" என்றார். அவர் என்ன தப்பு செய்தார் மன்னிக்க? ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அழுதுகொண்டே வந்தேன்.

உன் கடிதத்தில் ஒன்று எனக்குப் புரியவில்லை. உன் மச்சானுக்கு முகமூடி வேலை கொடுக்கவில்லை. பாறை உடைத்த பழக்கம் இருந்ததால் வெடிமருந்து வைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே அவர் என்னிடம் சொன்னார். நீயும் கூடத்தானே இருந்தாய்? மறந்துவிட்டாயா?

அவர் பஸ் ஏறும்போது என்ன சொன்னார் என்பதை மறுபடி ஒரு தடவை, விடாமல் எழுது. நீ வந்து சொன்ன அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் சரியாகக் கேட்கவில்லை.

உன் அக்கா,
கருப்பம்மா


ஹல்துமுல்லை
10.6.1979

தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? நான் எழுதி ஏழு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால் வரும் நாளெல்லாம் தோட்டத்து ஒபீசுக்கு முன்னால் போய் நிற்கிறேன்.

கீழ் லயத்தில் விசா முடிந்த இரண்டு குடும்பத்தைப் பொலிஸ் வந்து பிடித்துப்போய் ரயிலில் ஏற்றிவிட்டது. அடுப்பில் இருந்த சோற்றை இறக்கக்கூட விடவில்லை. எங்களுக்கும் அதுதான் நடக்கும். எல்ல ஊரில் நம் சின்னம்மா மகள் வேலை செய்யும் தோட்டத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். பூங்காவனம் மாட்டேன் என்கிறாள். "நீ ஒளிஞ்சுக்க. நான் மட்டும் கப்பல் ஏறுறேன். வராத மனுசனுக்காக என்னால திருடி மாதிரி இருக்க முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். பதினேழு வயதுப் பெண்ணைத் தனியாகக் கடல் தாண்டி அனுப்புவதா? அவளோடு போனால் அவரை விட்டதாகும். போகாவிட்டால் அவளை விட்டதாகும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அவர் வருவாரா, மாட்டாரா? உனக்குத் தெரிந்ததை எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

கருப்பம்மா


சென்னை
1.7.1979

அக்கா,

இதைத் தனியாக இருக்கும்போது படியுங்கள். உடம்பு எப்படி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

மச்சான் பஸ் ஏறவில்லை. அவர் அந்த மலையைவிட்டு இறங்கவே இல்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ராக்கெட் வந்து இறங்கும்போது மண்ணும் புகையும் கிளம்ப வேண்டும் என்று குழியில் மருந்து வைத்தார்கள். மச்சான் வேண்டாம் என்று சொல்லியும் கூடுதலாக வைக்கச் சொன்னார்கள். வெடித்ததும் மேலே இருந்த பாறைகள் பெயர்ந்து, சரிவு முழுவதும் இறங்கிவிட்டது. மச்சான் அதற்கு அடியில் போய்விட்டார். மற்ற ஆட்களெல்லாம் கீழே கூடாரத்தில் இருந்தார்கள். பார்த்தது பெரிய முதலாளி, கேமராக்காரர், நான். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

நான் கையால் மண்ணைப் பறித்தேன். பெரிய முதலாளி என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "உசுரு இருக்காதுப்பா. வெளியில தெரிஞ்சா மூணு பேரும் ஜெயிலுக்குத்தான் போகணும். நீ என்கூட மெட்ராஸுக்கு வந்துடு" என்றார். எனக்குப் பத்தொன்பது வயது. பயத்தில் தலையை ஆட்டினேன். அன்று சாயங்காலம் உங்களிடம் வந்து பஸ் கதையைச் சொன்னேன். ஒரு மாதத்தில் இங்கே வந்துவிட்டேன்.

அந்தக் காட்சியைத் திரும்ப எடுக்க முடியாது என்று அதையே படத்தில் வைத்தார்கள். இடது ஓரத்தில் மச்சான் தெரிகிறார். அந்த இடத்தை வரைந்த பாறையால் மூடினார்கள். அந்தக் காட்சிக்கு ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் அந்தத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தேன்.

போன மாதம் மலைத் துண்டை முதல்முறையாகத் தனியாக மெஷினில் போட்டேன். பாறை இல்லை. முப்பத்தாறு கட்டங்களில் அவர் இருக்கிறார், ஒன்றரை நொடி. அதற்குப் பிறகு புழுதி மூடிவிடுகிறது. நீங்கள் முகம் கேட்டீர்கள். முகம் தெரியாத அளவுக்குச் சிறியது. ஆறு கட்டங்களைப் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

நீங்கள் என்ன செய்தாலும் சரி. கப்பல் மட்டும் ஏறிவிடுங்கள்.

நல்லையா


ஹல்துமுல்லை
24.7.1979

நல்லையாவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நான் கொழுந்து எடுக்கப் போகவில்லை. பூங்காவனம் சோறு பிசைந்து கொடுத்தால் சாப்பிடுகிறேன்.

மர்ஸூக் நானா கடைக்குப் பக்கத்தில் மணிக்கூடு திருத்துபவரிடம் பெருக்கிக் காட்டும் கண்ணாடி இருக்கிறது. அதை வாங்கி வெயிலில் வைத்துப் பார்த்தேன். அவர்தான். ஓடும்போது வலது தோளைச் சாய்த்துத்தான் ஓடுவார்.

ஆறையும் வரிசையாகப் பார்த்தேன். ஒரு தடவை இல்லை, நாள் முழுக்கப் பார்த்தேன். அவர் கீழே ஓடவில்லை. மேலே ஓடுகிறார். கல் வரும் பக்கம் ஓடுகிறார். கல் உருளும்போது அதற்கு எதிரே யாராவது ஓடுவார்களா? மருந்து வைத்துப் பழகிய மனுசன், எங்கே பதுங்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா?

மேலே யார் இருந்தது?

கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன் என்று நீ எழுதிய வரியை மட்டும் இரண்டு தடவை அடித்துத் திருத்தியிருக்கிறாய்.

கருப்பம்மா


சென்னை
8.8.1979

அக்கா,

நான்தான்.

புகை தொடர்ந்து வர வேண்டும் என்று எரியும் புகைச்சட்டியோடு என்னை மேட்டில் நிற்க வைத்திருந்தார்கள். மச்சான் திரியைப் பற்றவைத்துவிட்டு, கீழே பாறை மறைவில் பத்திரமாக உட்கார்ந்துவிட்டார். வெடித்ததும் எனக்குக் கால் வரவில்லை. மேலேயிருந்து மலை வருவது தெரிகிறது, நகர முடியவில்லை. அவர் மறைவிலிருந்து வெளியே வந்தார். "டேய் நல்லையா, ஓடைப் பக்கம் குதிடா" என்று கத்திக்கொண்டே ஏறி ஓடிவந்தார். நான் குதிக்கவில்லை. வந்து என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். நான் ஓடையில் விழுந்தேன். எழுந்து பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் மண்தான் இருந்தது.

ஏழாவது கட்டத்திலிருந்து என் கை தெரிகிறது. அதனால்தான் ஆறு மட்டும் அனுப்பினேன். போன கடிதத்திலாவது முழுவதையும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். என்னால் முடியவில்லை. ஒரு பெண்ணைப் பார்க்கட்டுமா என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பதில் எழுத முடியாமல் போனதும் இதனால்தான். உங்கள் குடும்பத்தைப் பறித்துவிட்டு நான் ஒரு குடும்பம் வைப்பதா என்று இருந்தது.

நல்லையா


ஹல்துமுல்லை
14.9.1979

நல்லையாவுக்கு,

உன் இரண்டு கடிதங்களையும் பூங்காவனத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் அப்பாவை வைததற்காக என் மடியில் விழுந்து அழுதாள். நான் அவளை வைதேனா, உன்னை வைதேனா என்று எனக்கே ஞாபகம் இல்லை.

மர்ஸூக் நானா லொறியில் கல் நெம்பும் அலவாங்குகளைப் போட்டுக்கொண்டு வந்தார். லயத்திலிருந்து எட்டுப் பேர் மேலே ஏறினோம். இரண்டு நாள் தோண்டினோம். சின்னக் கல்லெல்லாம் எடுத்த பிறகு ஒரு பாறை வந்தது. எங்கள் காம்பிரா அளவு இருக்கும். எட்டுப் பேர் சேர்ந்து நெம்பியும் அது அசையவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது, சரிவு மறுபடி இறங்கும் என்று பயந்து எல்லோரும் வந்துவிட்டோம். கருமாதியை அந்தப் பாறைக்கு முன்னாலேயே செய்தோம். தாலியை அங்கேயே கழற்றினேன்.

அவர் உன்னைத் தள்ளிவிட்டதற்காக உன்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அவர் ஓடியிருப்பார். பயந்து பொய் சொன்னதைக்கூட விட்டுவிடுவேன், பத்தொன்பது வயது. ஆனால் மச்சான் விசாரித்துக்கொண்டு வருவார், தைரியமாக இருங்கள் என்று இந்த மார்ச் மாதம்கூட எழுதினாயே. பதினாலு வருஷத்தில் எத்தனை தடவை எழுதினாய்? ஒரு தடவையாவது உன் கை நிற்கவில்லையா? நான் பசறையில் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் நின்றேன். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் கப்பல் இருபத்தாறாம் தேதி. ராமேஸ்வரத்துக்கு நீ வரக் கூடாது. உன் வீட்டுக்கும் வர மாட்டோம். மண்டபம் முகாமிலிருந்து எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போவோம்.

உன்னிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். இங்கே இருக்கும் பாறையை என்னால் புரட்ட முடியவில்லை. உன் மெஷினில் இருக்கும் பாறையை நீ மறுபடி அவர்மேல் வைக்காதே.

கருப்பம்மா


சென்னை
28.10.1979

மண்டபம் முகாமில் இருக்கும் அக்காவுக்கு,

நல்லபடியாகக் கரை சேர்ந்தீர்கள் என்று நம்பி, முகாம் விலாசத்துக்கு எழுதுகிறேன். முகாமில் தண்ணீர் உப்பாக இருக்கும் என்கிறார்கள். காய்ச்சிக் குடியுங்கள்.

உங்கள் கடிதம் வரும்போது பத்துக் காட்சிகள் முடிந்திருந்தன. மலைக் காட்சி மட்டும் பாக்கி. பாறை வரைந்த துண்டைப் பூஞ்சணம் தின்றுவிட்டது என்று முதலாளியிடம் சொன்னேன். அது நன்றாகத்தான் இருந்தது. நான் அதை நெருப்பில் போட்டேன். மலை, ராக்கெட், நட்சத்திரம், இந்த மூன்றை மட்டும் வைத்துப் பதிந்தேன். மலை அசையாமல் நிற்க வேண்டும் என்று ஒன்பது முறை திரும்பத் திரும்பச் செய்தேன். வேறெந்தக் காட்சிக்கும் அப்படிச் செய்யவில்லை. என் கையையும் எடுக்கவில்லை, அப்படியே விட்டிருக்கிறேன்.

முதலாளி போட்டுப் பார்த்தார். "ஓரத்துல ஓடுறது யாருய்யா?" என்று கேட்டார். சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அவரே, "அங்காரகத்து ஆளா? நல்லாத்தான் இருக்கு, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். சில நாள் கழித்து அவர் அறைக்குப் போய், அது அங்காரகத்து ஆள் இல்லை, என் அக்காவின் புருஷன், உங்கள் அப்பாவுக்கு இது தெரியும் என்று சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். வெளியே சொன்னால் யார் நம்புவார்கள் என்று கேட்டார். ஆனால் அந்தக் காட்சியை வெட்ட முடியாதபடி பிரதிகள் ஏற்கனவே தியேட்டர்களுக்குப் போய்விட்டன. படம் தீபாவளிக்கு வந்துவிட்டது. எனக்கு இந்த மாதத்தோடு வேலை இல்லை.

எனக்காக எதுவும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் எழுதினேன்.

நல்லையா


மண்டபம் முகாம்
19.1.1980

மாமாவுக்கு,

பூங்காவனம் எழுதுகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மா அதை வாசித்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டார். அவர் எழுதமாட்டேன் என்றதால் நான் எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் வேலை தேடிக்கொண்டீர்களா?

போன ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரத்தில் அந்தப் படம் ஓடுவதாக முகாமில் பேசிக்கொண்டார்கள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவராகவே கேள்விப்பட்டு, "கெளம்பு" என்றார். பகல் காட்சிக்குப் போனோம். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. படம் தொடங்கியதிலிருந்து அம்மா என் கையை விடவில்லை. கதை என்ன என்று எனக்கு ஒன்றும் மனதில் ஏறவில்லை.

அந்த மலை வந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, நாங்கள் தோண்டிய இடம். ராக்கெட் இறங்கும் பக்கம்தான் எல்லோரும் பார்த்தார்கள். நாங்கள் இடது ஓரத்தைப் பார்த்தோம். அப்பா மறைவிலிருந்து வெளியே வந்தார். ஓடினார். எனக்கு அவர் முகம் ஞாபகம் இல்லை மாமா. ஆனால் அவர் ஓடியதை இனி மறக்க மாட்டேன்.

அம்மா எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். ஒருவர் முறுக்குப் பொட்டலத்தைக் கசக்கி எறிந்தார். புழுதி மூடி, ராக்கெட் இறங்கி, நட்சத்திரங்கள் வந்து, வேறு காட்சி வந்த பிறகும் அம்மா உட்காரவில்லை.

நாளைக்குத் திருச்சிப் பக்கம் ஒரு காலனிக்கு எங்களை அனுப்புகிறார்கள். போய்ச் சேர்ந்ததும் உங்களுக்கு விலாசம் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன். "மொதல்ல போய்ச் சேருவோம்" என்றார்.

பூங்காவனம்